நான்கு கட்டங்கள் காலி

தம்பி,

புத்தகத்துக்கு ஒரு பக்கத்தில் முன்னுரை எழுதித் தரச் சொன்னாய். அதற்கு மேல் போனால் விழாவுக்கு வருகிறவர்கள் படிக்க மாட்டார்கள் என்றும் சொன்னாய். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றும் நன்றி சொல்லியே முடிந்தன. நான் எழுதுகிற எதுவும் யாருக்காவது நன்றி சொல்லியோ மன்னிப்புக் கேட்டோதான் முடிகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். நாலாவது முறை முன்னுரையை விட்டுவிட்டு உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இதுதான் அது. புத்தகத்தின் முதலில் இதைத்தான் போட வேண்டும். சுருக்கக் கூடாது. வாக்கியத்தை அழகுபடுத்துகிறேன் என்று தொடவும் கூடாது. போட மனமில்லையென்றால் புத்தகமே வேண்டாம். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உன்னிடம் நிபந்தனை போட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் திரும்பி வந்து படித்துப் பார்த்தபோது அடிக்கத் தோன்றவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஊரார் படிக்கப்போகிற கடிதம் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் தென்காசியில் கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அடுத்த மாதம் எழுபது முடிகிறது. என்னிடம் நாற்பத்தொரு நோட்டுகள் இருக்கின்றன. சினிமாப் பாட்டுகளில் வரும் பேஸ் கிட்டாரின் பகுதியை மட்டும் காதால் கேட்டு அவற்றில் எழுதி வைத்திருக்கிறேன். பாடுகிறவர் குரல், வயலின், புல்லாங்குழல் எல்லாவற்றுக்கும் அடியில் கனமான காலடி மாதிரி ஒன்று நடந்துகொண்டிருக்குமே, அது நாலு தந்திக் கிட்டார். பலருக்கு அது நிற்கும்போதுதான் அதுவரை இருந்ததே தெரியும். அறுபது பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து அச்சடித்து, இலஞ்சியில் நடக்கும் என் எழுபதாவது விழாவில் தாம்பூலப் பையோடு கொடுக்கலாம் என்பது உன் யோசனை. உன் அம்மா உடனே கேட்டாள்: "வாங்கிட்டுப் போறவுக தேங்காய உடச்சித் துவையல் அரைப்பாக. இத என்ன செய்வாக?" எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை.

போன வாரம் அச்சகத்திலிருந்து திருத்தம் பார்க்கத் தாள்கள் வந்தன. கோர்ட்டில் நகல் ஒப்பிடுவது போல இடது பக்கம் நோட்டையும் வலது பக்கம் தாளையும் வைத்து, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தேன். பாட்டிலிருந்து வாத்தியங்களைப் பிரித்துக் கொடுக்கும் ஆப் ஒன்றை வைத்து நீ ஒன்பது இடங்களில் என் எழுத்தை மாற்றியிருந்தாய். சொல்லாமல் மாற்றினாய் என்று எனக்கு வருத்தமில்லை. ஒன்பதையும் மறுபடி பாட்டைப் போட்டுக் கேட்டேன். எட்டு இடங்களில் நீயும் உன் ஆப்பும் சரி, நான் தவறு. ஒரு பாட்டில் ஒரு சுரம் முழுக்கத் தள்ளி எழுதியிருக்கிறேன். இருபது வருஷமாக இந்தப் பக்கத்துக் கச்சேரிக்காரர்கள் அதை நகலெடுத்துத் தவறாக வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். எட்டையும் ஒத்துக்கொள்கிறேன். ஒன்பதாவதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒன்பதாவது, மழைப் பாட்டு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நான்கு கட்டங்கள். என் நோட்டில் அவை காலியாக இருக்கின்றன. நீ அவற்றில் சுரங்களை நிரப்பியிருந்தாய். தயங்கித் தயங்கி உனக்குப் போன் பண்ணினேன். நான் கேட்பதற்குள் நீயே சொன்னாய்: "எப்பா, நானே சொல்லணும்னு இருந்தேன். ஆப்ல போட்டுப் பாத்தேன், அந்த நாலு கட்டத்துலயும் பேஸ் இருக்குப்பா! அப்போ குத்தாலத்துல அன்னைக்கி நான் வாசிச்சது சரிதான். சேவியர் மாமாதான் சும்மா ஏசிட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பத்தொன்பது வருஷமாகக் கேட்டதில்லை. "உங்க நோட்டுலயே அந்த எடத்துல தாள் அரிச்சுப் போயிருக்கே, உங்களுக்கே சந்தேகம்தானப்பா?" என்றும் கேட்டாய். நான் "சரிப்பா" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. போனை வைத்ததும் உன் அம்மா, "என்னங்க, மொகம் செத்துப் போச்சு? மவன் என்ன சொன்னான்?" என்றாள். "நல்ல விஷயந்தான் சொன்னான்" என்றேன். அதுவும் உண்மைதான். அந்த நல்ல விஷயம் பொய் என்பதுதான் கஷ்டம். அதை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொடுக்கத்தான் இந்தக் கடிதம்.

நீ பிளஸ் ஒன் படிக்கும்போது சேவியர் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர் சவுதிக்குப் போய்விட்டார். கிட்டாரை மட்டும் விட்டுவிட்டுப் போனார். உயரமாக இருக்கிறாய் என்ற ஒரே தகுதியில் அண்ணாச்சி அதை உன் தோளில் மாட்டிவிட்டார். விரல் உனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. கேசட்டில் பேஸ் எங்கே இருக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. "எல்லாம் ஒண்ணாச் சேந்து கொழகொழன்னு கேக்குப்பா" என்றாய். நான் கோர்ட்டில் இரண்டு வக்கீல்களும் சாட்சியும் ஒரே நேரத்தில் பேசும்போது ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொள்ளப் பழகியவன். சங்கீதம் தெரியாது. ஆனாலும் முயன்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முறை ஒன்றை நானே ஏற்படுத்திக்கொண்டேன். தாளில் நாலு கோடு, தந்திக்கு ஒன்று. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கட்டைகளில் எதில் விரல் வைக்க வேண்டுமோ அந்த எண் அந்தக் கோட்டின் மேல். நாலு எண்ணிக்கைக்கு ஒரு கட்டம். பேஸ் வாசிக்காத கட்டத்தில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு. நிச்சயமாகக் கேட்டது பேனாவில், சந்தேகமாகக் கேட்டது பென்சிலில். டேப் ரிக்கார்டரின் மேல் தலையணையைப் போட்டு அமுக்கினால் மேலே கீச்சென்று கேட்பதெல்லாம் அடங்கி, கீழே இருப்பது மட்டும் எழும்பி வரும். கன்னத்தைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்ட வைத்துக்கொண்டால், காதுக்கு எட்டாதது தாடை எலும்புக்கு எட்டும். இரண்டு வினாடி கேட்டு நிறுத்தி, மெல்லப் பாடிப் பார்த்து, உன் கிட்டாரில் தேடி, எழுதி, மறுபடி இரண்டு வினாடி. ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் ஆகும். தலையணை உறை தேய்ந்துபோனது. "ஏங்க, அந்தப் பொட்டி அப்படி என்ன ரகசியம் சொல்லுது? பொண்டாட்டி கூப்பிட்டா ஒரு காதுகூடக் குடுக்க மாட்டேங்கீக" என்று உன் அம்மா சொல்லாத நாள் கிடையாது.

அப்படி மூன்று வருஷம் ஓடியது. நீ என்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ஒரு ஆடி மாதம், சீசன் உச்சத்தில், குற்றாலத்தில் சனிக்கிழமை கச்சேரி. வியாழக்கிழமை சேவியர் அண்ணாச்சி ஒரு கேசட்டைக் கொடுத்தனுப்பினார், மழைப் பாட்டு ஒன்றைப் புதிதாகச் சேர்க்கிறோம் என்று. நான் ஒரு நாள் லீவு போட்டு எழுதினேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வந்தபோது பேஸ் இல்லை. தலையணையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்தேன். புல்லாங்குழல் ஒன்று தனியாகப் போகிறது. கூடத் தபேலா லேசாக. பேஸ் இல்லவே இல்லை. நான்கு கட்டங்களிலும் குறுக்குக் கோடு போட்டேன். பேனாவில் போட்டேன் என்பதை இங்கே குறித்துக்கொள்.

பிறகு பயம் வந்துவிட்டது. அந்தக் கேசட் நகலுக்கு நகல். நகல் எடுக்க எடுக்க முதலில் தேய்வது அடிச்சத்தம்தான். அது அங்கே இருந்து, என் காதுக்கு வரவில்லையென்றால்? அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன். "பேஸ் இல்லாம பாட்டு எங்கனவே நிக்கும்? கேசட்டு தேஞ்சிருக்கும். முன்னால வந்ததையே போட்டு நெரப்பும்வே" என்றார். அது அவருடைய அபிப்பிராயம். பாட்டை உட்கார்ந்து கேட்டவன் நான். அவர் இப்போது உயிரோடு இல்லை, அதனால் பழியை அவர் பக்கம் நகர்த்துவது சுலபம். நான் நகர்த்தப் போவதில்லை. ரப்பரில் பேனா மை அழியாது என்று பிளேடால் சுரண்டியது என் கை. சுரண்டிய இடத்தில் முந்தைய கட்டங்களின் எண்களைப் பென்சிலில்கூட அல்ல, பேனாவில் எழுதியதும் என் கை. பென்சிலில் எழுதியிருந்தால் உனக்காவது ஒரு சந்தேகம் வந்திருக்கும்.

இதே கை கோர்ட்டில் எப்படி இருந்தது தெரியுமா? ஒருமுறை ஒரு பெரிய வக்கீல் கூண்டில் நின்ற பெண்ணை ஒரு கேள்வி கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆமான்னுதான் அர்த்தம், ஆமான்னு அடியும்" என்றார் என்னிடம். நான் தட்டச்சு விசையின் மேலிருந்து பத்து விரலையும் தூக்கி அந்தரத்தில் வைத்துக்கொண்டேன். அவர் மறுபடி சொன்னார். நான் தலையை நிமிர்த்தவும் இல்லை, விரலை இறக்கவும் இல்லை. கடைசியில் நீதிபதிதான், "சாட்சி பதில் சொல்லவில்லை என்று போடுங்கள்" என்றார். அதற்குப் பிறகுதான் விரல் இறங்கியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். இப்போது யோசித்தால், அந்தத் துணிச்சல் என்னுடையது அல்ல. பின்னால் விதி இருந்தது, மேலே நீதிபதி இருந்தார். வீட்டில் ஒரு கேசட்டும் நானும் மட்டும் இருந்தபோது, யாரோ போனில் சொன்ன ஒரு வார்த்தைக்காக, யாரும் சொல்லாத பதிலை நான் எழுதிவிட்டேன்.

நீ அதை ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்தாய். மற்றவர்களோடு ஒத்திகை பார்க்க நேரமில்லை. புல்லாங்குழல் வாசிக்கும் காதர் பாய் கடையநல்லூரில் ஜவுளிக் கடையைச் சாத்திவிட்டு நேராக மேடைக்குத்தான் வருவார். சனிக்கிழமை சாயங்காலம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டைத் தலையில் போட்டபடி ஜனம் பந்தலுக்குள் ஒதுங்கியிருந்தது. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மழைப் பாட்டு வந்தது. நன்றாகத்தான் போனது. அந்த இடத்தில் எல்லா வாத்தியமும் சொல்லி வைத்த மாதிரி நின்றது. காதர் பாய் கண்ணை மூடிக் குழலை உதட்டில் வைத்தார். நீ மட்டும் தும் தும் என்று நடந்துகொண்டிருந்தாய். நிமிர்ந்த முகத்தோடு, ஒரு சுரம் பிசகாமல்.

எனக்குப் பின்னால் ஒருவன் உரக்கச் சொன்னான், "ஏலே, கரண்டு போயும் ஃபேன் சுத்துதுலே!" பந்தலே சிரித்தது. சேவியர் அண்ணாச்சி கீபோர்டிலிருந்து திரும்பி உன்னைப் பார்த்து ஏசியது மைக்கில் விழுந்தது. "ஏலே, நாலு கட்டம் எண்ணத் தெரியாதாலே ஒனக்கு? அப்பன் கோர்ட்டுல ஒரு எழுத்து விடாம அடிக்கான், மவன் நாலு எண்ண மாட்டேங்கான்!" மறுபடி சிரிப்பு. நீ கையை எடுத்துவிட்டாய். அதன் பிறகு வந்த பாட்டுகளில் நீ வாசித்தது உனக்கே கேட்டிருக்காது. நான் எழுந்திருக்கவில்லை. நாலே எட்டில் மேடை. எழுந்து, "அண்ணாச்சி, அவன் எண்ணினது சரி, எழுதினது நான்" என்று சொல்ல நாலே எட்டு. என் கால் அசையவில்லை.

கச்சேரி முடிந்ததும் காதர் பாய் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, பையன ஏசாதீங்க. அவன் எண்ணி, படிச்சத அப்படியே வாசிச்சிருக்கான். எழுத்துலதான் எங்கயோ தப்பு. எழுதுனது யாரு?" என்றார். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். தென்காசிக்கு வரும் பஸ்ஸில் நீ கிட்டாரை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். இலஞ்சிக்குப் பிரியும் விலக்கு தாண்டியதும் கேட்டாய்: "எப்பா, நான் எண்ணுனது தப்பாப்பா?" நான் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கும். "அடுத்த தடவ கவனமா எண்ணு" என்றேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக நான் ஏழாம் நம்பர் நோட்டை எடுத்து, நிரப்பிய எண்களைச் சுரண்டிவிட்டு, மறுபடி குறுக்குக் கோடுகளைப் போட்டேன். தவறான பதிவு ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்ற என் ஒழுங்கு. ஒரு வாரம் கழித்து நீ அந்த நோட்டை எடுத்துப் பார்த்தாய். நான் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "காலின்னுதான்ப்பா போட்டிருக்கீங்க. நான்தான் மறந்துட்டேன்" என்றாய். பேப்பரை இறக்கவில்லை நான். நீ கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து பீரோ மேல் வைத்தாய். அன்று வைத்ததுதான். உன் அம்மா, "எய்யா, ஒரு தடவ தப்பு வந்தா என்ன, எல்லாருக்கும் வாரதுதான" என்றாள். அவளுக்கும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். அவள் ஏசுவதையும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே, தம்பி, அந்தத் தாள் அரித்திருப்பது என் சந்தேகத்தால் அல்ல. இரண்டு முறை பிளேடால் சுரண்டியதால். முதல் முறை உண்மையைச் சுரண்டினேன். இரண்டாம் முறை என் தவறைச் சுரண்டி, அது உன் தவறாகத் தெரியும்படி செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் உன் முகத்தைப் பார்த்தபிறகும் வாயைத் திறக்காமல் இருந்தது வேண்டுமென்றுதான்.

நீ நிறுத்திவிட்டாய். நான் நிறுத்தவில்லை. வாசிக்கிறவன் வீட்டில் இல்லாதபோது யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. ஏழாவது நோட்டுக்குப் பிறகு முப்பத்து நாலு நோட்டுகள். ஒன்றிலும் நான் கேட்காததை எழுதவில்லை. எட்டுப் பிழைகள் இருக்கின்றன, அவை காதின் பிழைகள். அவற்றுக்காக வெட்கப்பட மாட்டேன். பயத்தில் செய்த பிழை ஒன்றுதான். அதை இப்போது நீ, அன்பினால், திரும்ப அச்சடிக்கப் பார்க்கிறாய்.

என் காதைப் பற்றி நீ சொல்லாமல் விட்டதையும் நானே சொல்லிவிடுகிறேன். போன தடவை வந்தபோது நீதான் என்னைக் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாய். ரிப்போர்ட்டில் குறைபாடு என்று போட்டிருந்ததை மட்டும் படித்தாய். நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது அந்தப் பரிசோதனை செய்த பெண் வரைபடத்தைக் காட்டி விளக்கினாள். "சார், ஒங்களுக்குக் கீழ்ச் சத்தமெல்லாம் சின்னப் பையனுக்கு மாதிரி கேக்கு. மேல் சத்தம்தான் போயிட்டு. கொசு கத்துனா தெரியாது, லாரி வந்தா தெரியும்." உன் அம்மா விடவில்லை. "அப்போ நான் கூப்பிடுதது மேல் சத்தமா, கீழ்ச் சத்தமா தாயி?" அந்தப் பெண் சிரித்தபடி, "மேல்தான்மா" என்றாள். "பாத்தீகளா, எனக்கு மட்டும்தான் காது கேக்காது" என்றாள் இவள். நான் சொல்ல வருவது, என் காதில் மாடி இடிந்துவிட்டது. கீழ்வீடு அப்படியே இருக்கிறது. நாற்பத்தொரு நோட்டும் கீழ்வீட்டில் எழுதியவை.

நீ அனுப்பிய, ஆப் பிரித்துக் கொடுத்த அந்தத் துண்டையும் போனில் போட்டுக் கேட்டேன். நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். அதில் ஏதோ ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் கவனித்துக் கேள். ஒவ்வொரு அடியும் தொடங்கிய இடத்தில் நிற்காமல் மேல்நோக்கி வழுக்குகிறது. 'பும்' என்று விழுந்து 'பூவ்' என்று எழும்புகிறது. கட்டை வைத்த கிட்டாரில் விரல் அப்படித் தட்டித் தட்டி வழுக்காது. அது தபேலாவின் இடது கை. உள்ளங்கையால் தோலை அழுத்தும்போது வரும் சத்தம். கீழே ஏதாவது கேட்டால் அது பேஸாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த ஆப் முடிவுகட்டிவிட்டது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அது சேவியர் அண்ணாச்சியைப் போல. பேஸ் இல்லாமல் பாட்டு நிற்காது என்று நம்புகிறது. நிற்கும். நான்கு கட்டம் நிற்கும். அந்தப் பாட்டைச் செய்தவர் அதை நிறுத்திக் காட்டியிருக்கிறார். குழல் தனியாக நடக்கட்டும் என்று அடியிலிருந்த தரையை அவரே எடுத்துவிட்டார்.

இது தெரிந்ததும் உனக்கு மறுபடி போன் பண்ணியிருக்கலாம். பண்ணியிருந்தால் நீ ஏதாவது சொல்லியிருப்பாய், நான் "சரிப்பா" என்றிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் இன்று காலை சட்டையை மாற்றிக்கொண்டு, நோட்டையும் திருத்தத் தாளையும் பைக்குள் வைத்து, நேராக அச்சகத்துக்கே போனேன். அச்சகத்துக்காரத் தம்பி நல்லவர். கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். "இந்த நாலு கட்டத்துல இருக்கத எடுத்துருங்க" என்றேன்.

"மகன் அனுப்புனதுல்லா அண்ணாச்சி? அவாள்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்."

"கேளுங்க. மொதல்ல எடுத்துட்டுக் கேளுங்க."

"காலியா விட்டா அச்சு விழலன்னுல்லா நினைப்பாவ? எங்களுக்குல்லா கெட்ட பேரு. ஓரமா ஒரு வரி வெளக்கம் போட்டுருவமா?"

"வேண்டாம். குறுக்குக் கோடு போதும். நினைக்கவுக நினைச்சிட்டுப் போட்டும்."

"யாரு சொல்லி மாத்துனன்னு மகன் கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. நோட்டு என்னோடது. காதும் என்னோடது."

அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நாலு குறுக்குக் கோடுகளும் திரையில் வரும்வரை நின்றேன். நாலே எட்டு தூரத்தில் இருந்த மேடைக்குப் போய்ச் சேர எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. இந்நேரம் அவர் உனக்குப் போன் பண்ணியிருப்பார். இந்தக் கடிதத்தையும் எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்றுதான் எப்போதும் நினைத்திருக்கிறேன். இன்றைக்கு ஒன்று சொல்கிறேன். உனக்குக் கீழே பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள் என்றாய். நீ எழுதிக் கொடுத்ததை வைத்து அவர்களில் ஒருவன் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நின்றால், அதே இடத்தில், அதே நாலு பேர் முன்னால் எழுந்திரு. தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லாதே. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பேப்பர் படிக்காதே. உனக்குக் கேட்கவில்லையென்றால் கேட்கவில்லை என்று எழுது. ஒன்றும் இல்லாத இடம் தெரிந்தால், எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும் விரலைத் தூக்கி வைத்துக்கொள். அதில் உனக்குப் பின்னால் எந்த விதியும் நிற்காது. தனியாகத்தான் நிற்க வேண்டும். நிற்க முடிகிறது. எழுபதில் பார்த்துவிட்டேன்.

காதர் பாய்க்கும் போன் பண்ணினேன். விழாவுக்குக் குழலோடு வருவதாகச் சொன்னார். விஷயத்தைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. செருப்பு ஒங்க கால்லயேதான் கெடந்துச்சு" என்றார். இலஞ்சியில் சாப்பாட்டுக்கு முன்னால் நான் எழுந்து நின்று, இங்கே எழுதியதை எல்லோர் முன்னாலும் வாயால் சொல்லப் போகிறேன். புத்தகத்தை யாரும் பிரிக்காவிட்டாலும் காதில் விழட்டும். நீ வாசிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். அது உன் விருப்பம். ஆனால் பீரோ மேலிருந்து கிட்டாரை இறக்கித் துடைத்திருக்கிறேன். புதுத் தந்தியும் மாட்டச் சொல்லி மாட்டியாயிற்று.

பஸ்ஸில் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலைத் திருத்திக்கொள். இலஞ்சி விலக்கு தாண்டியதும் கேட்டாய், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. பதில் இது: நீ எண்ணியது சரி.

அப்பா